சோற்றுக்கு மேல் என்ன வேண்டும்?

சிறையில் இருப்பவர்களுக்காக இலவசச் சட்ட உதவி வழக்குகளை நடத்தும் வக்கீல் நான். "மூணு வேளையும் சோறு போடறாங்க, அதுக்கு மேல என்ன வேணுமாம்?" என்று நன்றாகப் படித்தவர்களே என்னிடம் கேட்கிறார்கள். கைதிக்கு மருந்து இல்லை என்றால் அவர்களும் பதறுவார்கள். பேச ஆள் வேண்டும், படிக்கப் புத்தகம் வேண்டும் என்றால்தான் முகம் மாறிவிடும். திருடனுக்கு அதெல்லாம் ஒரு கேடா?

கெட்டவன் என்று முடிவு கட்டிவிட்டால், அவனுடைய வயிறு மட்டும்தான் நம் கண்ணில் படுகிறது. இது சிறையோடு நிற்கிற விஷயமும் இல்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ஜூலியானா ஷ்ரோடரும் நிக்கோலஸ் எப்லியும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அடுத்தவரின் மனத்தேவைகளை நாம் பொதுவாகவே குறைத்து எடைபோடுகிறோம். வீடற்றவர்கள் போல, சமூகம் தாழ்வாகப் பார்ப்பவர்கள் என்றால் இன்னும் குறைத்து.

மனத்தேவை என்றால் என்னவென்று தெரிய, ஜெயிலில் உறவினர்கள் மனு போட்டுக் கைதியைப் பார்க்கும் இடத்தில் ஒரு நாள் நின்றால் போதும். பிஸ்கட்டும் சோப்பும் வாங்கி வந்திருந்தார் ஓர் அம்மா. மகன் அவற்றைப் பார்க்கவே இல்லை.

"பாப்பா என்னைக் கேக்குதாம்மா?"

"கேக்குது சாமி. நீ வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கிறதா சொல்லி வெச்சிருக்கேன்."

ஜாமீன் பற்றி என்னிடம் அந்த மகன் கேட்டது அதற்குப் பிறகுதான். அவர் விசாரணைக் கைதி; குற்றம் நிரூபணமாகவில்லை. இந்தியச் சிறைகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் இப்படித்தான். கோர்ட்டுக்கு முன்பே ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

ஆனால் கோர்ட் அப்படிப் பார்க்கவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த பிரான்சிஸ் கோராலி முல்லின், போதைப்பொருள் கடத்த முயன்றதாகத் திகார் சிறையில் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். ஐந்து வயது மகளைக்கூட மாதம் ஒரு தடவைதான் பார்க்கலாம் என்றார்கள். அந்தக் கட்டுப்பாட்டை 1981-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உயிர் வாழும் உரிமை என்பது வெறும் விலங்கு வாழ்க்கை அல்ல. படிப்பதும் எழுதுவதும் சக மனிதரோடு பழகுவதும் அதில் சேர்த்தி என்றார் நீதிபதி பகவதி. முல்லின் குற்றவாளியா இல்லையா என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. வாரம் இரண்டு சந்திப்பாவது தரச் சொன்னது கோர்ட்.

2023 சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்று சிறைத்துறை அரங்கு போட்டுக் கைதிகளுக்காகப் புத்தகம் திரட்டியபோது, வாசகர்கள் தேடி வந்து கொடுத்தார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம். 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகம் முடித்த என் கட்சிக்காரர் ஒருவருக்கு இப்போது மூன்றாம் பாகம் வேண்டுமாம். ஜாமீன் மனுவின் வாய்தா தேதிக்குக் கீழேயே அதையும் டைரியில் குறித்திருக்கிறேன்.