வீட்டில் புலி, மேடையில் எலி

திருச்செந்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடிக் கொடைக் கச்சேரி. நான் ட்ரூப்பில் சேர்ந்து நாலாவது மாதம். முந்தின வாரம்தான் ஒரு டிஸ்டார்ஷன் பெடல் வாங்கியிருந்தேன். கறுப்புப் பெட்டி, நாலு திருகு. வீட்டு மாடியில் அதை மிதித்துவிட்டு ஒரு கார்டு அடித்தால் ஜன்னல் கம்பி அதிரும். பக்கத்து வீட்டு ஆச்சி இரண்டு தடவை மேலே ஏறி வந்து, "ஏல, கரண்டு கிரண்டு அடிச்சிட்டா?" என்று பார்த்துவிட்டுப் போனாள். அந்தத் தைரியத்தில், மேடையில் ஒரு பாட்டின் இடையிசைக்குப் பெடலை ஓங்கி மிதித்தேன். ஊரே திரும்பிப் பார்க்கும் என்று நினைப்பு. ஒருவரும் திரும்பவில்லை. பாட்டு முடிந்ததும் மைக்செட் அண்ணாச்சி மேடையோரம் வந்து, "தம்பி, நீங்க வாசிச்சியளா, இல்ல சும்மா மாட்டிக்கிட்டு நின்னியளா?" என்றார். கேலி இல்லை. அவருக்கு நிஜமாகவே சந்தேகம்.

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷமும் மூன்று பெடல்களும் ஆயின. பெடல் வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு அந்தச் செலவாவது மிஞ்சட்டும்.

எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி முடியைப் போல மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே உலோகக் கம்பி அதிர்ந்தால் இதில் துளி மின்சாரம் பிறக்கும். அது கேபிள் வழியாக ஆம்புக்குப் போய்ப் பெரிதாகிறது. நடு வழியில் அதை மறித்து ஏதாவது செய்து அனுப்புகிற பெட்டிதான் பெடல். கை இரண்டும் கிட்டாரில் இருப்பதால் காலால் மிதிக்கிறோம், அவ்வளவுதான்.

என் கணக்கில் பெடல்கள் பெரும்பாலும் இரண்டு வகை: ஒலியைக் கெடுப்பவை, ஒலியைப் பரப்புபவை. ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் மூன்றும் கெடுப்பவை. ஒலி அலையின் மேட்டையும் பள்ளத்தையும் சீவித் தட்டையாக்கிவிடும். சீவிய இடத்தில் புதிய மேல்சுரங்கள் முளைக்கும். நாட்டுப்புறப் பாடகர் உச்சத்தில் குரலெடுக்கும்போது தொண்டையில் ஒரு கரகரப்பு ஏறுமே, கிட்டத்தட்ட அந்த வேலை. ஓவர்டிரைவ் இலேசாகச் சீவும்; டிஸ்டார்ஷன் அழுத்திச் சீவும்; ஃபஸ் வெட்டியே போட்டுவிடும்.

இந்தக் கெடுதலுக்கு விலை வந்த கதை வேடிக்கையானது. 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' என்ற அமெரிக்க 'கன்ட்ரி' பாட்டில், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் இடையிசை நாஷ்வில் ஸ்டூடியோவில் மிக்ஸரின் கோளாறால் கரகரத்துப் பதிவாகிவிட்டது. அதை அழிக்காமல் விட்டார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி, அந்தக் கோளாறையே வேண்டியபோது வரவழைக்கும் ஒரு சர்க்யூட்டைச் செய்தார். 1962-இல் கிப்சன் நிறுவனம் அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்று விற்பனைக்கு விட்டது. முதலில் சீந்துவார் இல்லை. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' வந்த பிறகு கடைகளில் பெட்டி தீர்ந்துபோனது. இத்தனைக்கும் கீத் ரிச்சர்ட்ஸ் அதை வாசித்தது, பின்னால் டிரம்பெட், சாக்ஸபோன் வந்து நிரப்பட்டும் என்ற எண்ணத்தில்.

சரி, அண்ணாச்சியின் கேள்விக்கு வருகிறேன். மேடையில் கீழ் ஒலியெல்லாம் பேஸ் கிட்டாருக்கும் டிரம்ஸின் கிக்குக்கும் பட்டா போட்டது. மேல் ஒலி சிம்பலுக்கும் ரிதம் பேடுக்கும். கிட்டாருக்கு மிஞ்சுவது நடு. அதிலும் பாடகரும் கீபோர்டு அண்ணனும் பங்காளிகள். நான் வீட்டில் என்ன செய்திருந்தேன்? பேஸ் திருகையும் ட்ரெபிள் திருகையும் முழுக்க ஏற்றி, நடு ஒலிக்கான மிட் திருகை அடியோடு இறக்கியிருந்தேன். தனியாகக் கேட்டால் அது பிரம்மாண்டமாகத்தான் இருக்கும். மேடையில் என் கீழ் ஒலியை பேஸ் விழுங்கியது, மேல் ஒலியை சிம்பல் விழுங்கியது. நடுவில் நானே எதுவும் வைக்கவில்லை. மிட்டைக் குறைத்த கிட்டார் நடுப்பலகை இல்லாத கட்டில்.

இதற்கு நேரெதிர் ஐபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற பச்சைப் பெட்டி. ஜப்பானில் 1979 வாக்கில் வந்தது. கீழ் ஒலியைக் குறைத்து, 720 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைத் தூக்கிக் கொடுக்கும். கடையில் தனியாக வாசித்தால் மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி இருக்கும். நானே அரை நிமிஷத்தில் கழற்றி வைத்துவிட்டு, கறுப்புப் பெட்டியை வாங்கி வந்தவன்தான். டெக்சஸின் ஸ்டீவி ரே வாகன் இதை வாசித்த விதம் பிறகுதான் புரிந்தது: டிரைவ் திருகைக் குறைத்து, லெவல் திருகை ஏற்றி, ஆம்பைப் பிடித்துத் தள்ளுவது. கரகரப்பில் பாதி ஆம்ப் கொடுப்பது. இந்த வகை பெடலைப் பல நிறுவனங்கள் இன்று குறைந்த விலையிலும் செய்கின்றன. பெயரைப் பார்க்காமல் மிட் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஊர்க் கச்சேரிகளில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பாதி மேடைகளில் ஆம்பே கிடையாது; பெடலிலிருந்து வயர் நேரே மிக்ஸருக்குப் போகிறது. கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வேகமாக அடக்கிவிடும். மைக்செட் ஹாரனுக்கு அந்த நாகரிகம் தெரியாது. டிஸ்டார்ஷனின் மேல்சிதறல் அத்தனையையும் அப்படியே துப்பும். பலாச்சுளையில் ஈ மொய்க்கிற சத்தம். நேரே மிக்ஸருக்குப் போகிறவர்கள் ஸ்பீக்கரைப் போல ஒலியை அடக்கும் 'கேப் சிமுலேட்டர்' ஒன்றைக் கடைசியில் மாட்டியே ஆக வேண்டும். இது இல்லாமல் எத்தனை விலை உயர்ந்த டிஸ்டார்ஷன் வாங்கினாலும் வீண் என்பேன்.

அடாப்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, நடு முள் நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் மற்ற அடாப்டர்களில் நடு முள் பெரும்பாலும் பாசிட்டிவ். இது தெரியாமல், கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்று கொடுத்ததைச் செருகி என் இரண்டாவது பெடலைக் கொன்றேன். புகை கூட வரவில்லை, பேச்சுமூச்சில்லாமல் போய்விட்டது. ஒரே அடாப்டரிலிருந்து ஐந்தாறு பெடலுக்கு வயர் பிரித்தால், டிஜிட்டல் பெடலின் கீச்சொலி மற்றதில் ஏறும். தனித்தனியாகப் பிரித்த இணைப்புள்ள பவர் சப்ளைக்குப் பணம் போடுங்கள். ஜெனரேட்டரும் சீரியல் லைட்டுமாக இருக்கிற மேடையில் பிக்கப்பே வேண்டிய அளவு இரையும்; நாமும் சேர்க்க வேண்டாம்.

பரப்பும் வகையில் முதலில் டிலே வாங்கலாம். வாசித்ததைச் சற்றுப் பொறுத்துத் திருப்பிச் சொல்லும் பெட்டி. எவ்வளவு பொறுத்து என்பதில்தான் சூட்சுமம். 60,000-ஐ பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு தட்டுக்கான மில்லிசெகண்ட் வரும். நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் 600. அதில் முக்கால், அதாவது 450 வைத்தால், நீங்கள் விட்ட இடைவெளியில் எதிரொலி வந்து விழும். ஒருவர் வாசிப்பது இருவர் வாசிப்பதுபோல் கேட்கும். யு2 குழுவின் எட்ஜ் இதிலேயே ஒரு பாணி கட்டினார். எங்கள் டிரம்மர் உற்சாகத்தில் வேகம் கூட்டுகிறவர் என்பதால் காலால் தட்டி வேகம் வைக்கும் வசதி எனக்கு அவசியம். எண்பதுகளின் பாட்டு கேட்கிற ஊர்களில் கோரஸ் ஒன்று இருந்தால் நல்லது. 1976-இல் பாஸ் நிறுவனத்தின் சிஇ-1 பெடலில் வந்த அந்தத் தண்ணீர் அலை ஒலியை நம் காது உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

வரிசையில் கெடுப்பவை முன்னால், பரப்புபவை பின்னால். எதிரொலியைக் கொண்டுபோய் டிஸ்டார்ஷனுக்குள் தள்ளினால் சேறுதான். ஹென்ட்ரிக்ஸ் பயன்படுத்திய ஃபஸ் ஃபேஸ் மாதிரியான பழைய ஃபஸ் மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால், கிட்டாரை நேரே தொட்டபடி இருக்க விரும்பும். அதற்கு முன் ட்யூனரைக்கூட வைக்காமல் இருப்பது உத்தமம்.

அந்தக் கறுப்புப் பெட்டியை நான் விற்கவில்லை. மழைநாளில் மாடியில் தனியாக வாசிக்க அதைப்போல் இன்னொன்று கிடையாது. ஆச்சிதான் இப்போது இல்லை.

பெடல் வாங்கக் கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். பெடலை மாட்டியதும் தனியாக வாசிக்க ஆரம்பிக்காதீர்கள். போனில் ஒரு முழுப் பாட்டை, டிரம்ஸும் பேஸும் குரலுமாகச் சத்தமாக ஓடவிட்டு, அதன் மேல் வாசியுங்கள். கூட வந்த நண்பரை நாலடி தள்ளி நிற்கச் சொல்லி, கிட்டார் கேட்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.