ஆனைக்குன்றிமணியா, சருகுமானா?

ஜெஞ்சாரோமில் கோப்பிக்கடை வாசலிலோ செம்பனைத் தோட்டத்து ஓரத்திலோ இரண்டு பழைய கார்களை இன்றும் நீங்கள் பார்க்கலாம். ஒன்று, 1985 ஜூலை 9ஆம் நாள் அறிமுகமான புரோட்டோன் சாகா. மற்றொன்று, 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில். சாகா என்பது ஆனைக்குன்றிமணி, கஞ்சில் என்பது சருகுமான். வீட்டில் யாராவது பெரியவரைக் கேட்டால், “சாகா 1,300 சிசி, கஞ்சில் 660 சிசி. இரண்டும் ஒன்றாகுமா?” என்பார். அதை நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சிசி என்பது கன சென்டிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் இடத்தின் கொள்ளளவு அது. கணிதப் பாடத்தில் படித்த உருளையின் சூத்திரமே இதற்குப் போதும். சாகாவின் 1.3 லிட்டர் இயந்திரத்தில் ஒரு சிலிண்டரின் விட்டம் 71 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 82 மில்லிமீட்டர். ஆரம் 3.55 செ.மீ. என்று வைத்துப் பெருக்கினால் சுமார் 325 சிசி கிடைக்கும். ஏறக்குறைய ஒரு டின் குளிர்பானத்தின் அளவு! நான்கு சிலிண்டருக்கு 1,300. கஞ்சிலில் விட்டம் 68, தூரம் 60.5 மில்லிமீட்டர், மூன்றே சிலிண்டர். பெருக்கிப் பாருங்கள், 659 வரும்.

அப்படியானால் கஞ்சிலுக்குப் பாதி வேகம்தானா? இல்லை. அந்த இயந்திரம் எவ்வளவு எடையை இழுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சாகா சுமார் 900 கிலோ, கஞ்சில் சுமார் 680 கிலோ. சிசியை எடையால் வகுத்தால், கிலோவுக்குச் சாகாவில் 1.44, கஞ்சிலில் 0.97. சிசியில் பாதியாகத் தெரிந்தது, இப்போது மூன்றில் இரண்டு பங்கு ஆகிவிட்டது. ஜெஞ்சாரோமிலிருந்து பந்திங் போகும் சமதளச் சாலையில், ஒருவர் மட்டும் ஓட்டிப் போனால் கஞ்சில் ஒன்றும் திணறாது.

இனி ஆளுக்கு 60 கிலோ என்று நான்கு பேரை ஏற்றுங்கள். கூடும் 240 கிலோ இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் சாகாவின் எடை 27 விழுக்காடு கூடும்போது கஞ்சிலின் எடை 35 விழுக்காடு கூடிவிடுகிறது. கிலோவுக்கு இருந்த 0.97 சிசி, 0.72ஆக இறங்குகிறது. குடும்பத்தோடு கெந்திங் மலை ஏறிய கஞ்சில் ஏன் முனகியது என்று இப்போது புரிகிறதா? குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு ஏறியவர்கள் அதிகம். அதை இயக்கும் சக்தியும் அதே சின்ன இயந்திரத்திலிருந்துதானே வர வேண்டும்!

கிள்ளான் நெரிசலில் கதை மாறுகிறது. நின்று நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் காருக்கு இயக்க ஆற்றல் கொடுக்க வேண்டும். அது எடையைப் பொறுத்தது. அதே வேகத்தை எட்ட கஞ்சிலுக்குச் சாகாவைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவான ஆற்றல் போதும். பெட்ரோல் மிச்சப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் எடை குறைவதில் ஓர் ஆபத்தும் உண்டு. படிவம் நான்கு இயற்பியலில் வரும் உந்த அழியாமை விதியை நினைத்துக்கொள்ளுங்கள். 680 கிலோ கஞ்சிலும் 1,360 கிலோ கார் ஒன்றும் நேருக்கு நேர் மோதினால், கஞ்சிலின் வேகம் மாறும் அளவு மற்றக் காரில் மாறுவதைப் போல் இரண்டு மடங்கு. உள்ளே இருப்பவர்கள் வாங்கும் அதிர்ச்சியும் அதற்கேற்பக் கூடும். தொடக்க காலச் சாகாவிலும் கஞ்சிலிலும் காற்றுப்பை கிடையாது. உங்களைப் பிடித்து நிறுத்த இருப்பது இருக்கை வார் மட்டுமே. பின்னிருக்கையில் உட்காருபவரும் வார் அணிய வேண்டும் என்பது 2009 ஜனவரி 1 முதல் நம் நாட்டுச் சட்டம். தாத்தாவின் பழைய காரில் ஏறினால், பின்னிருக்கை வார் இருக்கைக்கு அடியில் புதைந்து கிடக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.