சூனியக்காரிகள் சபை – 6: போனில் ஒரு சார்ஜென்ட்

'டியூன்' நாவலின் பெனே ஜெசரிட் சகோதரிகள் யார், எந்த அரண்மனையில் யாருக்குத் துணைவியாக, யாருக்கு ஆலோசகராக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் முன்பே சொல்லியாயிற்று. புதிதாகச் சேர்ந்தவர்கள் பழைய இதழ்களை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வாரம் அவர்களுடைய தொண்ணூறு தலைமுறைத் திட்டத்தை, அதாவது யாருக்கும் யாருக்கும் பிள்ளை பிறக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு முடிச்சுப் போட்டுவந்த கதையை, எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். குறிப்புகளைப் புரட்டும்போது 1969-ஆம் ஆண்டுப் பேட்டி ஒன்று குறுக்கே வந்துவிட்டது. தொண்ணூறு தலைமுறை பொறுத்தவர்களுக்கு இன்னும் ஒரு வாரம் பெரிதா என்ன?

பேட்டி நடந்தது 1969 பிப்ரவரி 3 அன்று, கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸில் இருந்த, 'டியூன்' எழுதிய ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் வீட்டில். கேள்வி கேட்டவர் வில்லிஸ் மெக்நெல்லி. ஃபுல்லர்டனில் ஆங்கிலப் பேராசிரியர். பின்னாளில், 1984-இல், 'டியூன் என்சைக்ளோபீடியா'வைத் தொகுத்தவர். ஹெர்பர்ட்டின் மனைவி பெவர்லியும் கூடவே உட்கார்ந்து பேசியிருக்கிறார். 'டியூன்' புத்தகமாக வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. பேச்சு சகோதரிகளின் 'குரல்' பக்கம் திரும்புகிறது. எதிரே நிற்பவன் யோசிக்கும் முன்பே அவன் உடம்பைத் தன் சொல்லுக்குப் பணிய வைக்கிற வித்தை. பேரரசு முழுக்க அவர்களை முதுகுக்குப் பின்னால் சூனியக்காரிகள் என்று ஏச வைத்ததில் இந்த வித்தைக்குப் பெரும் பங்கு உண்டு. இதெல்லாம் நடக்கிற காரியமா என்பதுதான் யாருக்கும் வரக்கூடிய சந்தேகம்.

நாமெல்லாம் தினமும் செய்வதுதானே என்கிற தோரணையில் ஹெர்பர்ட் பேராசிரியருக்கே ஒரு பரீட்சை வைக்கிறார். ஒரு மனிதனை வர்ணிக்கிறேன், கேளுங்கள் என்கிறார். போரில் சார்ஜென்ட்டாக இருந்தவன். சொந்தச் சிற்றூருக்குத் திரும்பி, சின்ன வயதிலிருந்து பழகிய பெண்ணையே கட்டிக்கொண்டான். அப்பாவின் தொழிலில் உட்கார்ந்தான். பிள்ளைகள் பெற்றான், அந்தப் பிள்ளைகளை அவனுக்குப் புரியவில்லை. முன்னாள் படைவீரர் சங்கத்து மாநாடு என்றால் தவறாமல் போய்விடுவான். இப்போது அவனுக்கு போன் போடுங்கள். முகம் காட்டக் கூடாது, கை ஓங்கக் கூடாது. குரலால் மட்டும் அவனுக்குக் கோபம் வரவழைக்க வேண்டும்.

அதைவிடச் சுலபம் வேறென்ன இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார் பேராசிரியர். முடிந்தது பரீட்சை.

எனக்குத்தான் முடியவில்லை. கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு அந்த சார்ஜென்ட்டுக்கு என்ன சொல்லலாம் என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியட்நாம் போர் நடக்கிற 1969. "ஐயா வணக்கம், சனிக்கிழமை போர் எதிர்ப்பு ஊர்வலத்துக்கு உங்கள் மகன்தான் தலைமை தாங்குகிறார். நல்ல பையன். நீங்கள் வந்து இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசினால் எங்களுக்கெல்லாம் பெருமை." இவ்வளவுதான். வசவு ஒன்றுகூட இல்லை, மரியாதை குறையவில்லை. ஆனால் ரிசீவர் சுவரில் மோதும் சத்தம் எனக்கே கேட்கிறது. கோபம் என் வார்த்தையில் எங்கே இருந்தது? அவன் வீட்டில்தான் வருடக்கணக்காக இருந்தது. நான் கதவைத் தட்டினேன், அவ்வளவே. அந்த மகனைப் பற்றித் தெரியாமல் எத்தனை அடித்தொண்டையில் கத்தியிருந்தாலும் அவன் 'ராங் நம்பர்' என்று வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான்.

சகோதரிகளின் வித்தையில் பாதிக்கு மேல் கேட்பதும் பார்ப்பதும்தான் என்று நான் வாரா வாரம் பிடிவாதமாகச் சொல்லிவருகிறேன். ஆளை முதலில் மனதில் பதிவு செய்துகொள்வார்கள்; அவனுக்கு எந்தச் சுருதி ஏறும் என்று தெரிந்தபிறகே வாயைத் திறப்பார்கள். அட்ரைடிஸ் குடும்பத்துப் பையன் பாலையும், சபையில் பயின்ற அவன் அம்மா ஜெசிகாவையும், எதிரிகளான ஹார்கோனன் ஆட்கள் பறவை விமானத்தில் ஏற்றிப் பாலைவனத்தில் சாகவிடக் கொண்டுபோகும் இடத்தை மறுபடி படித்துப் பாருங்கள். ஜெசிகாவின் வாயைக் கட்டியிருக்கிறார்கள். அது போதாதென்று, காவலுக்கு வந்தவர்களில் ஒருவன் காது கேளாதவன். ஹார்கோனன் ஆட்கள் எத்தனை கெட்டிக்காரர்கள் பாருங்கள்! சூனியத்துக்கு எதிராகத் தாயத்து கட்டி அனுப்பவில்லை, செவிடனை அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கே தெரியும் இது சூனியம் இல்லை என்று. முதலில் பையன் பால்தான் குரலைப் பயன்படுத்தி அம்மாவின் வாய்க்கட்டை அவிழ்க்க வைக்கிறான். வாயைத் திறந்த ஜெசிகா கட்டளை ஏதும் போடுவதில்லை. எனக்காக நீங்கள் சண்டை போட்டுக்கொள்ள வேண்டாமே என்கிறாள், அவ்வளவுதான். அதுவரை அவர்கள் சண்டை போடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவன் மற்றவனைக் குத்திவிடுகிறான்.

இத்தனை பலம் உள்ளவர்கள் ஏன் சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். அதற்கும் நாவலில் ஒரு காட்சி இருக்கிறது. அட்ரைடிஸ் குடும்பத்தின் கிழட்டு உளவுத் தலைவர் துஃபிர் ஹவாட், ஜெசிகாதான் துரோகி என்று சந்தேகிக்கிறார். விவாதம் முற்றுகிறது. அவள் ஒரே ஒரு கட்டளை போடுகிறாள். அவர் யோசிப்பதற்குள் அவர் உடம்பு பணிந்துவிடுகிறது. மூன்று தலைமுறை அட்ரைடிஸ்களுக்கு உழைத்த கிழவருக்குத் தொண்டை வறண்டுபோகிறது. நினைத்தால் என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைக்கிறது. இதை அடிக்கடி வெளியில் காட்டினால் எல்லோரும் சேர்ந்து எங்களை ஒழித்துக்கட்டிவிட மாட்டார்களா என்பதுதான் ஜெசிகா தரும் விளக்கத்தின் சாரம். சபை நிழலில் இருப்பது அடக்கத்தால் இல்லை. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளாத உலகம் அவர்களுக்குத் தேவை.

இந்த இடத்தில் எங்கள் பத்திரிகை உதவி ஆசிரியரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கட்டுரை தாமதமானால் அவர் திட்டுவதே கிடையாது. போன் செய்து, "சார், ஒண்ணும் அவசரமில்லை. உங்க பக்கத்தை மட்டும் காலியா விட்டு வெச்சிருக்கோம்" என்பார். வேறு எழுத்தாளர்களிடம் குரலை உயர்த்துவார் என்று கேள்வி. என்னைப் பதிவு செய்துவைத்திருக்கிறார். பெனே ஜெசரிட் பயிற்சிப் பள்ளிக்கு அவர் போகவே வேண்டாம்.

ஹெர்பர்ட்டுக்கு இது எங்கிருந்து வந்தது? தாய்வழியில் அயர்லாந்துக் கத்தோலிக்கக் குடும்பம். சின்ன வயதில் பெரியம்மா, சித்திமார் சேர்ந்து அவரை மதத்துக்குள் இழுக்கப் பாடுபட்டதும், பையன் அசைந்துகொடுக்காததும்தான் சகோதரிகள் சபைக்கு விதை என்கிறார் மகன் பிரையன் ஹெர்பர்ட். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். எனக்கு இது பாதிக் கதையாகவே படுகிறது. சித்திமார் தோற்றுப்போனவர்கள், தோற்றவர்களிடமிருந்து குரல் வித்தையைக் கற்க முடியுமா?

மீதிப் பாதி சம்பளத்துக்குச் செய்த வேலைகளில் இருக்கிறது. 1954-இல் ஹெர்பர்ட், ஆரிகன் மாநில செனட்டர் கை கார்டனுக்குச் சொற்பொழிவு எழுதிக்கொடுத்தார். அடுத்தவர் வாயில் தன் வார்த்தையை வைக்கும் தொழில். அந்தத் தேர்தலில் கார்டன் தோற்றார் என்பது வேறு விஷயம். பெவர்லியோ டிபார்ட்மென்ட் ஸ்டோர்களுக்கு விளம்பர வாசகம் எழுதியவர். 'டியூன்' எழுதப்பட்ட காலத்தில் வீட்டுக்கு அடுப்பெரிந்தது அந்தச் சம்பளத்தில்தான். முகம் தெரியாத ஒரு பெண்மணியை வீட்டைவிட்டுக் கிளம்பவைத்து, தேவைப்படாத ஒரு கோட்டை வாங்கவைக்க எந்த வார்த்தை போதும் என்பதைத் தினமும் ஆராய்ந்தவர். ஜெசிகாவுக்கு முன்மாதிரி அம்மாதான் என்று பிரையன் எழுதியிருக்கிறார். பேரழகு, பொறுமை என்றெல்லாம் சொல்வார்கள். நான் அந்த விளம்பர வாசகங்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு ஆளும் இருக்கிறார். இவரைக் கண்டபோதுதான் கட்டுரை முழுக்கக் கையைவிட்டுப் போனது. எஸ். ஐ. ஹயகாவா. கனடாவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளி மொழியறிஞர். பொதுப் பொருண்மையியல் என்ற துறையின் பெரிய பிரசாரகர். வார்த்தைகள் மனிதனை எப்படி ஆட்டிப்படைக்கின்றன, அதிலிருந்து அவன் எப்படித் தப்புவது என்பதுதான் அந்தத் துறையின் கவலை. ஹெர்பர்ட் அதை ஊன்றிப் படித்தார். ஒரு கட்டத்தில் ஹயகாவா பெயரில் பல பத்திரிகைகளில் வந்த பத்தியை மறைவிலிருந்து எழுதியும் கொடுத்திருக்கிறார். சரி, அந்த ஹயகாவா என்ன செய்தார் தெரியுமா? 1968 கடைசியில் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரிக்குத் தற்காலிகத் தலைவரானார். மாணவர் வேலைநிறுத்தம் உச்சத்தில் இருந்தது. டிசம்பர் 2 அன்று, ஒலிபெருக்கி கட்டிய மாணவர்களின் வண்டிமேல் அறுபது வயதைத் தாண்டிய மனிதர் தாமே ஏறி, ஸ்பீக்கர் வயர்களைப் பிடுங்கி எறிந்தார். தலையில் அவருடைய வழக்கமான ஸ்காட்லாந்துக் குஞ்சத்தொப்பி. நாடெங்கும் செய்தி. அடுத்த தேர்தல்களில் ஒன்றில், 1976-இல், செனட்டராகவே ஆகிவிட்டார்.

வார்த்தையின் வலிமையை வாழ்நாளெல்லாம் போதித்தவர், எதிராளியின் குரலை வார்த்தையால் மடக்காமல் வயரைப் பிடுங்கி மடக்கினார். அந்தக் கும்பலை அவர் பதிவு செய்துகொள்ளவில்லை என்பேன். சகோதரிகள் சபையின் ரெவரெண்ட் மதர் மொஹயாம் அந்த இடத்தில் இருந்திருந்தால் வண்டிப் பக்கமே போயிருக்க மாட்டாள். ஓரத்தில் நின்று அரை மணி நேரம் கேட்டிருப்பாள். இது நடந்து இரண்டே மாதத்தில், அதே விரிகுடாப் பகுதியில், ஹெர்பர்ட் மெக்நெல்லிக்கு அந்த சார்ஜென்ட்டை வர்ணித்துக்கொண்டிருக்கிறார். அப்போது அவர் சான் பிரான்சிஸ்கோவில் பத்திரிகை வேலை பார்த்து வந்தவர் வேறு.

சினிமாவைப் பற்றி இரண்டு வரி, கேட்டவர்களுக்காக. 2021-இல் வந்த டெனி வில்நவ் படத்தில் குரல் இடிபோல இறங்குகிறது. அந்தப் படத்துக்கு ஒலிக்கான ஆஸ்கர் கிடைத்தது, தகுதியான பரிசுதான். ஜெசிகா பேசும்போது கிழவிகளின் குரல்கள் அடியில் கலந்து ஒலிப்பது அருமையான யோசனை. ரெவரெண்ட் மதர் ஒவ்வொருத்தியின் ஞாபகத்திலும் முன்னோர் பெண்கள் அத்தனை பேரும் குடியிருக்கிறார்களே. ஆனாலும் அத்தனை சத்தம் எனக்கு உவப்பில்லை. தியேட்டரில் நாமெல்லோரும் குரலைக் கேட்டுவிடுகிறோம். நாவலில் பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட அது சாதாரணப் பேச்சாகப் படக்கூடியது. ஹவாட்டுக்கு நடந்தது ஹவாட்டுக்கு மட்டுமே தெரியும்.

பக்கம் நிறைந்துவிட்டது. தொண்ணூறு தலைமுறைக் கணக்கும், மகளைப் பெறச் சொல்லியிருந்த இடத்தில் ஜெசிகா மகனைப் பெற்று எல்லாவற்றையும் கலைத்ததும் அடுத்த வாரம். இந்த முறை நிச்சயம். அதற்குள் புத்தகம் வைத்திருப்பவர்கள் அராக்கீன் மாளிகையின் தாவர அறைக்குப் போய், அதே சபையைச் சேர்ந்த சீமாட்டி மார்கோட் ஃபென்ரிங் ஓர் இலையின் அடியில் புள்ளிகளால் எழுதிவிட்டுப்போன எச்சரிக்கையை ஒருமுறை படித்துவையுங்கள். அங்கே ஜெசிகாவின் மகனைக் காப்பாற்ற முயன்ற அதே மார்கோட்டைத்தான், பிற்பாடு ஹார்கோனன் வாரிசு ஃபெய்ட் ரௌதாவின் ரத்தத்தைச் சபைக்காகச் சேமித்துவரப் படுக்கைவரை அனுப்புகிறார்கள். அவளிடமிருந்து தொடங்கப் போகிறேன்.

(தொடரும்)