ஓடும்போதே பொசுக்கென்று நிற்கிறதா? பழைய கான்டெஸாவின் 'சூட்டுக் கோளாறு' பிடிபட்ட கதை

அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டி, மீன்சுருட்டிக்குள் நுழையும்போதுதான் பெரியப்பா வீட்டு கான்டெஸா நின்றது. இருமவில்லை, திணறவில்லை. யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் பொசுக்கென்று நின்றுவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து, "பாத்தியா, மறுபடியும்" என்றார்.

கும்பகோணத்திலிருந்து நெய்வேலிக்குப் போய்க்கொண்டிருந்தோம். காரை விற்கத்தான். பெரியப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அவர் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்ட வண்டிக்கு ஏழு மாதமாக ஒரு வியாதி. ஒரு மணி நேரம் ஓடினால் நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். கார்பரேட்டரை இரண்டு முறை கழற்றி மாட்டியாயிற்று. பெட்ரோல் பம்ப் புதுசு. டேங்க்கை இறக்கிக் கழுவியாயிற்று. கடைசியில் காயிலையும் மாற்றியாயிற்று. "எடைக்குப் போட்டுடலாம்டா" என்று அண்ணனே சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். நெய்வேலியில் ஒருவர் கிட்டத்தட்ட அந்த விலைக்குத்தான் கேட்டிருந்தார்.

கான்டெஸாவைப் பார்க்காத தலைமுறைக்கு ஒரு சின்ன அறிமுகம். அமெரிக்காவில் 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. போன்ற பெரிய இன்ஜின் வண்டிகளை 'மசில் கார்' என்பார்கள். நம் ஊரில் அந்தப் பெயரைச் செல்லமாக வாங்கிக்கொண்டது, இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கொண்டுவந்த கான்டெஸா. இங்கிலாந்தின் வாக்ஸால் வி.எக்ஸ். காரின் உடம்பு, நீண்ட மூக்கு, அகலமான நிற்பு. ஆனால், ஆரம்ப கால வண்டிகளின் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின். பயில்வான் உடம்புக்குள் கணக்குப்பிள்ளை இதயம்! இசுஸுவின் 1.8 லிட்டர் இன்ஜின் பிறகுதான் வந்தது. 2002-ல் உற்பத்தியே நின்றுபோனது.

அம்பாசடர் இன்ஜின் என்பதில் ஒரு நன்மை உண்டு. அம்பாசடரைத் தொட்ட எந்த மெக்கானிக்கும் இதைத் தொடலாம். மீன்சுருட்டியில் எங்களுக்குக் கிடைத்தவர் அப்படி ஒருவர். அறுபது வயது தாண்டியவர், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், தானாகவே எழுந்து வந்தார். முதல் கேள்வி: "நின்னப்ப எப்படி நின்னுச்சு தம்பி?"

அண்ணன் சொன்னதும் அவர் பெட்ரோல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்ரோல் வரத்து குறைந்தால் வண்டி குலுங்கி, இழுவை குறைந்து, கெஞ்சிக் கெஞ்சி நிற்கும். சுவிட்ச் போட்டதுபோல் நின்றால் பெரும்பாலும் கரன்ட் கோளாறு. ஏழு மாதத்தில் யாரும் எங்களிடம் இதைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

"ஆறட்டும்ண்ணே, அரை மணி நேரத்துல எடுத்துரும்" என்றார் அண்ணன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஆறுனா நான் என்னத்தப் பாக்குறது? செத்துக் கெடக்கையிலதான் பாக்கணும்!"

எங்கள் ஏழு மாதத் தவறு முழுக்க அந்த ஒரு வரியில் இருந்தது. வண்டியை ஒவ்வொரு முறையும் ஆறவைத்து, ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டுபோய்க் காட்டினோம். அங்கே எல்லாமே ஒழுங்காக வேலை செய்தது. ஒழுங்காக வேலை செய்யும் வண்டியில் மெக்கானிக் எதைக் கண்டுபிடிப்பார்? அதனால்தான் ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாறியது.

அவர் செய்ததைப் புரிந்துகொள்ள, பொறி எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் உருவாக்கி, 1910 மாடல் காடிலாக் கார்களில் வந்த ஏற்பாட்டைத்தான் அம்பாசடர் வரை பயன்படுத்தினார்கள். பேட்டரியின் 12 வோல்ட், சாவி வழியாகக் காயிலுக்குள் போகிறது. அங்கிருந்து டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் 'பாயின்ட்' வழியாக எர்த் ஆகிறது. பாயின்ட் என்பது திறந்து மூடும் ஒரு குட்டி சுவிட்ச், அவ்வளவுதான். மூடியிருக்கும்போது காயிலில் காந்தப்புலம் உருவாகும். திறந்த அந்த நொடியில் புலம் சரிந்து, காயிலின் இன்னொரு சுற்றில் பல ஆயிரம் வோல்ட் பாயும். அதை ரோட்டார் வாங்கி 1-3-4-2 என்ற வரிசையில் நான்கு பிளக்குகளுக்கும் பங்கு போடுகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது நொடிக்கு 100 முறை இது நடக்கிறது.

இதில் பாயின்ட்டுக்குத் துணையாக, விரல் நுனி அளவில் ஒரு தகர டப்பா இருக்கும். அதுதான் கண்டென்சர். பாயின்ட் திறக்கும்போது கரன்ட் சும்மா நிற்காது, இடைவெளியைத் தாவப் பார்க்கும். அதைக் கண்டென்சர் உறிஞ்சிக்கொண்டால்தான் காந்தப்புலம் வேகமாகச் சரியும், பொறி பலமாக வரும். இல்லாவிட்டால் பொறி பிளக்கில் வருவதற்குப் பதிலாகப் பாயின்ட்டிலேயே எரிந்து தீர்ந்துவிடும்.

மெக்கானிக் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுக்கச் சொன்னார். தோளில் கிடந்த துண்டை எடுத்து எங்கள் கையில் கொடுத்துவிட்டார் (ஃபேனில் சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து). பெட்ரோல் ஒழுகுகிறதா என்று மோந்து பார்த்தார். பிறகு டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் நடுவில் இருக்கும் தடித்த வயரை உருவி, ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிடித்து, அதன் நுனியை இன்ஜின் பிளாக்கிலிருந்து கால் அங்குலத்தில் நிறுத்தினார். "செல்ஃப் அடி."

வந்தது பொறிதான், ஆனால் மெலிந்த மஞ்சள் கோடு. நல்ல பொறி நீலமாக, 'டக் டக்' என்ற சத்தத்தோடு தாவ வேண்டும். கையில் வெறும் வயரைப் பிடித்துப் பார்க்கும் வீரம் வேண்டாம்; இதய நோய் உள்ளவர்கள், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தப் பரிசோதனையின் பக்கமே வரக் கூடாது.

அடுத்து டெஸ்ட் லேம்ப். ஒரு சின்ன பல்பில் இரண்டு வயர், வேறொன்றும் இல்லை. ஒரு முனையை எர்த்தில் கவ்விவிட்டு, மறுமுனையைக் காயிலில் சாவியிலிருந்து கரன்ட் வரும் பக்கத்தில் வைத்தார். எரிந்தது. ஆக, பேட்டரியும் சாவியும் தப்பு செய்யவில்லை. பிறகு காயிலிலிருந்து பாயின்ட்டுக்குப் போகும் பக்கத்தில் வைத்து செல்ஃப் அடித்தபோது பல்ப் விட்டு விட்டு மின்னியது. பாயின்ட் திறக்கிறது, மூடுகிறது என்று அர்த்தம். இந்த இடத்தில் பல்ப் விடாமல் எரிந்தால் பாயின்ட் மூடவில்லை, அழுக்கு சேர்ந்திருக்கலாம். எரியவே இல்லையென்றால் பாயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம், கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கலாம், காயிலே அறுந்திருக்கலாம்.

கடைசியாக மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். குனிந்து பார்த்தோம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பாயின்ட்டில் பளிச் பளிச்சென்று வெல்டிங் மாதிரி நெருப்பு. "இந்தா இருக்கான்" என்றார். கண்டென்சர்.

ஆறினால் வேலை செய்யும், சூடேறினால் உள்ளே தொடர்பு விட்டுப்போகும் கண்டென்சர் அது. அப்படியானால் காயிலைச் சந்தேகித்தது எப்படி? சில மாதம் முன்பு வழியில் நின்றபோது, யாரோ சொன்னதைக் கேட்டுக் காயிலின் மேல் ஈரத்துணி சுற்றினோம். கொஞ்ச நேரத்தில் ஸ்டார்ட் ஆனது. 'காயில்தான்' என்று முடிவு கட்டிவிட்டோம். ஈரத்துணி வைத்திருந்த அந்த இருபது நிமிடத்தில் கண்டென்சரும் சேர்ந்து ஆறியது என்பது யார் மண்டையிலும் ஏறவில்லை. ஈரத்துணி வைத்தியம் தப்பில்லை. ஆனால், அதை மட்டும் நம்பிப் புதுக் காயில் வாங்காதீர்கள்.

அவர் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து, பழைய அம்பாசடர் கண்டென்சர் ஒன்றை எடுத்தார். பழுதானதைக் கழற்றிவிட்டு, இதன் உடம்பை எர்த்திலும் வயரைக் காயிலின் பாயின்ட் பக்கத்திலும் வெளியிலேயே தற்காலிகமாக இணைத்தார். செல்ஃப் அடித்ததும் வயர் நுனியில் நீலப் பொறி. இன்ஜின் இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது, அப்படியே ஸ்டார்ட் ஆனது.

அவர் அதோடு விடவில்லை. நெருப்பு பட்டுப் பட்டு பாயின்ட்டில் ஒரு பக்கம் குழியும் ஒரு பக்கம் மேடுமாக இருந்தது. மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, துணியால் துடைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்தார். கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர். நடுவழியில் கேஜ் இல்லாவிட்டால் ஒரு விசிட்டிங் கார்டு கைகொடுக்கும். "வீட்டுக்குப் போயி டைமிங் பாத்துக்கங்க" என்றார். காரணம், பாயின்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். பாயின்ட் தேயத் தேய இடைவெளி சுருங்கும், பொறி தாமதமாகும். 'பிக்கப் இல்ல, மைலேஜ் இல்ல, சூடாகுது' என்று புலம்பும் பல அம்பாசடர்களுக்கு வைத்தியம் இங்கேதான் தொடங்க வேண்டும்.

இதே மாதிரி ஏமாற்றும் இன்னொரு எதிரி, டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன வயர். ஆக்ஸிலரேட்டரைப் பொறுத்து உள்தட்டு லேசாகத் திரும்பும், அதோடு அந்த வயரும் ஆடும். வருடக்கணக்கில் ஆடி, மேலுறை நன்றாக இருக்க உள்கம்பி மட்டும் அறுந்துபோகும். ஐடிலில் ஓடும், வேகம் எடுத்தால் மிஸ்ஸிங். மெதுவாக இழுத்துப் பாருங்கள், ரப்பர் மாதிரி நீண்டால் அறுந்துவிட்டது. ஐப்பசி மழையில் காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் மூடியைக் கழற்றி உள்ளே ஈரம் துடையுங்கள். பென்சிலால் கோடு போட்டதுபோல் கரித்தடம் இருந்தால் துடைத்துப் பயனில்லை, மூடியையே மாற்ற வேண்டும்.

காயில் வாங்கும்போதும் ஒரு எச்சரிக்கை. இந்த வண்டிகளுக்குச் சுமார் 3 ஓம் காயில். 1.5 ஓம் காயில் தனி ரெசிஸ்டரோடு வரும் வண்டிகளுக்கானது. அதை நேரடியாக மாட்டினால் கரன்ட் இரட்டிப்பாகி பாயின்ட் கருகும். இன்ஜின் ஓடாமல் சாவியை ஆன்-லேயே விட்டுவிட்டுப் பாட்டு கேட்பதும் கூடாது, காயில் சூடேறிச் சாகும்.

பாயின்ட்டே வேண்டாம் என்று எலெக்ட்ரானிக் கிட் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். தினம் ஓட்டுபவர்களுக்கு அது நல்லது. என் வாக்கு பாயின்ட்டுக்குத்தான். கிட் நடுவழியில் போனால் மீன்சுருட்டியில் யாரும் பிஸ்கட் டின்னைத் திறந்து காப்பாற்ற முடியாது.

நாங்கள் நெய்வேலி போகவில்லை. அண்ணன் வண்டியைத் திருப்பினார். கங்கைகொண்ட சோழபுரம் போய்க் கோயிலைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே சுற்றுவழியில் இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டினார். நிற்கவில்லை.

கிளம்பும்போது நான் பழைய கண்டென்சரை ஞாபகார்த்தமாக டேஷ்போர்டில் போடப்போனேன். மெக்கானிக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "இத வண்டியில வெக்காத தம்பி. நாளைக்கு ஒருத்தன் ஸ்பேர்னு நெனச்சு திரும்ப மாட்டிருவான்."