ரிப்போர்ட் நார்மல், அசதி மட்டும் போகவில்லை

1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர், தைராய்டு செயலிழந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மாள் அதன்பின் 28 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அன்று பிழைத்ததே பெரிய விஷயம். இன்று தைராய்டு குறைபாட்டால் உயிர் போவது அபூர்வம். அதனால் கேள்வி மாறிவிட்டது: மாத்திரை சாப்பிடுகிறவர் நன்றாக இருக்கிறாரா?

பெரும்பாலானவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் டிஎஸ்எச் அளவு சரியாகிவிட்ட பிறகும் சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு அசதி, மறதி, மனச்சோர்வு தொடர்கிறது. 'ரிப்போர்ட் நார்மல், எல்லாம் உங்கள் மனப்பிரமை' என்று அவர்களை அனுப்பிவிடுவது நியாயமில்லை.

டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பதில்லை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியில் சுரப்பது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் போதுமா என்று பிட்யூட்டரி சொல்லும் கருத்து அது. மற்ற உறுப்புகள் எப்படி இருக்கின்றன என்பதை அது முழுமையாகச் சொல்லாது. இன்னொன்று, நாம் விழுங்கும் லெவோதைராக்சின் மாத்திரையில் இருப்பது டி4 என்ற தைராய்டு ஹார்மோன் மட்டுமே. உடம்புதான் அதை வேலை செய்யும் வடிவமான டி3 ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படியானால் டி3-யையும் சேர்த்துக் கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மருந்தைக் குறை சொல்வதற்கு முன், அதை எப்படிச் சாப்பிடுகிறோம் என்று பார்ப்பது நல்லது. நம் வீடுகளில் கோளாறு பெரும்பாலும் இங்கேதான். எழுந்ததும் மாத்திரை, கையோடு ஃபில்டர் காபி என்றால் மருந்து சரியாக உடம்பில் சேராது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி, டிபன். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். டோஸை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் ரத்தப் பரிசோதனை. அடுத்த வாரமே லேபுக்கு ஓடுவது காசுக்குக் கேடு.

இதெல்லாம் சரியாக இருந்தும் அசதி போகவில்லையா? ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை, மாதவிடாய் நிற்கும் காலம், குறட்டையோடு வரும் தூக்கக் கோளாறு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாப் பழியும் அதன் தலையில் விழுவது நம் வழக்கம். எடையும் அப்படித்தான். தைராய்டு குறைவால் கூடுவது பொதுவாகச் சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். மிச்சத்தை மாத்திரை இறக்காது.

டென்மார்க்கில் உருவான தைப்ரோ என்ற கேள்வித்தாள் தைராய்டு நோயாளியிடம் களைப்பு, ஞாபகசக்தி, மனநிலை, வேலை, வெளியே போய்வருவது பற்றியெல்லாம் கேட்கிறது. நம் மருத்துவருக்கு அவ்வளவு நேரம் இருக்காது. போவதற்கு முன் நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த வேலை முடியவில்லை, எப்போதிலிருந்து.

அசதி போகட்டும் என்று டோஸை நீங்களாகக் கூட்டாதீர்கள். அதிகமானால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும்; வயதானவர்களுக்கு ஆபத்து அதிகம். கர்ப்பம் என்று தெரிந்தால் மட்டும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்போது பெரும்பாலும் டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும்.