கடற்கரை மிதிவண்டி நெடும்பயணம்: முன்னேற்பாடுகள்

மிதிவண்டி நெடும்பயணம் என்பது பல நாள்கள் தொடர்ந்து, தேவையான பொருள்களை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு செல்லும் பயணமாகும். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை ஒரு நாள் பயணத் தொலைவில் இருப்பதால், இங்குள்ளோர் இதனை எளிதில் திட்டமிடலாம்.

இப்பகுதிக்கு அருகிலுள்ள தக்கோலத்தில் 2025 மார்ச் 7 அன்று மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் கடற்கரை மிதிவண்டிப் பயணம் தொடங்கி வைக்கப்பட்டது. குஜராத்தின் லக்பத்திலிருந்து ஓர் அணியும் மேற்கு வங்கத்தின் பக்காலியிலிருந்து மற்றோர் அணியும் புறப்பட்டு, மார்ச் 31 அன்று கன்னியாகுமரியில் சந்தித்தன. மொத்தத் தொலைவு 6,553 கி.மீ. ஓர் அணிக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 130 கி.மீ. அளவில் வருகிறது. இது பயிற்சி பெற்ற படையினரின் அளவு. புதியவர்களுக்கு 60 முதல் 80 கி.மீ. போதுமானது.

வழி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம், சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறத்தாழ 65 கி.மீ. அங்கிருந்து மரக்காணம் வழியாகப் புதுச்சேரி சுமார் 95 கி.மீ. இந்த இரண்டாம் நாள் நீளமானது என்பதால், புதியவர்கள் மரக்காணத்தில் தங்கி அதனை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். தொடர்ந்து செல்வோர் கடலூர், சிதம்பரம், காரைக்கால் வழியாக நாகப்பட்டினத்தை அடையலாம்.

பயணத்தின் ஆபத்தான பகுதி கடற்கரையன்று. முதல் 25 கி.மீ. தான். ஒரகடம் சாலைகளில் கன்டெய்னர் லாரிகளும் கார் ஏற்றிச் செல்லும் நீண்ட டிரெய்லர்களும் மிகுதி. ஷிப்டு மாறும் நேரங்களில் தொழிற்சாலைப் பேருந்துகளும் சேர்ந்துகொள்ளும். எனவே ஞாயிறு அதிகாலையில், வெளிச்சம் வந்தபின் புறப்படுவது நல்லது. ஓட்டுநர் வலப்புறம் அமர்ந்திருப்பதால் லாரியின் இடப்பக்கத்தில் ஒட்டி வரும் மிதிவண்டி அவர் கண்ணில் படாமல் போகலாம். திருப்பங்களில் லாரியின் இடப்புறமாக ஒருபோதும் முந்தக்கூடாது. அது கடந்து செல்லும்வரை பின்னால் நிற்க வேண்டும்.

பருவம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் இக்கடற்கரையைத் தாக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. சனவரி, பிப்ரவரி மாதங்களே ஏற்றவை. அப்போது வெயில் குறைவு. வடகிழக்குக் காற்றும் தெற்கு நோக்கிச் செல்வோருக்குப் பெரும்பாலும் உதவும்.

உடற்பயிற்சி

ஒரே நாளில் 80 கி.மீ. ஓட்ட முடிவது மட்டும் தகுதியாகாது. மறுநாள் காலை, வலிக்கும் கால்களுடன் மீண்டும் ஓட்ட முடிய வேண்டும். ஆகவே ஆறு முதல் எட்டு வாரங்கள் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, கடைசி வாரங்களில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து ஓட்டிப் பழக வேண்டும். ஒருமுறையாவது முழுச் சுமையுடன் ஓட்டிப் பார்க்க வேண்டும். சுமை கூடினால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தொலைவும் கூடும்.

வண்டியும் பொருள்களும்

விலையுயர்ந்த கியர் வண்டி கட்டாயமில்லை. இருக்கையின் உயரம் சரியாக இருப்பதும், பிரேக் கட்டைகளும் டயர்களும் தேயாமல் இருப்பதுமே முதன்மை. இரண்டு மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், கைப்பம்பு, ஸ்பேனர்கள், ஹெல்மெட், முன்பின் விளக்குகள் ஆகியவை தேவை. புறப்படுமுன் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். உப்புக்காற்று செயினைத் துருப்பிடிக்கச் செய்யும். நாள்தோறும் மாலையில் துடைத்து எண்ணெய் இட வேண்டும். சுமையை முதுகில் தூக்காமல் கேரியரின் பக்கவாட்டுப் பைகளில் வைத்தால் இடுப்புவலி குறையும்.

நீரும் உணவும்

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி சிறிது சிறிதாக நீர் பருக வேண்டும். வியர்வையில் உப்பும் வெளியேறுவதால் வெறும் நீர் போதாது. உப்பிட்ட நீர்மோர் அல்லது உப்புச் சர்க்கரைக் கரைசல் தேவை. பகல் 11 மணி முதல் 3 மணி வரை ஓய்வெடுப்பது நன்று. தலைசுற்றல், குமட்டல், குழப்பம் தோன்றினால் உடனே நிழலில் அமர்ந்து உடலை நீரால் குளிர்விக்க வேண்டும். குழப்பம் இருந்தால் உடனேயும், மற்றவை தெளியாவிட்டாலும் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

வழியையும் தங்குமிடங்களையும் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு மாலையும் தகவல் தெரிவிப்பது அவசியம். உடல் ஒத்துழைக்காதபோது பயணத்தைப் பாதியில் நிறுத்திப் பேருந்திலோ தொடர்வண்டியிலோ திரும்புவதற்கான பணமும் திட்டமும் முன்னேற்பாட்டின் ஒரு பகுதியே.