ஆற்றில் போட்டதும் குளத்தில் கிடைத்ததும்

நாற்பது வயதைக் கடந்த நம்மவர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், பிள்ளைப் பிராயத்தில் கேட்ட சினிமாப் பாட்டுக்களைப் பற்றிய பேச்சு எப்படியோ வந்துவிடுகிறது. பொதுக் காரியங்களில் ஈடுபட்ட நண்பர்கள் சிலர் இதை வீண் பொழுதுபோக்கென்று இகழ்கின்றனர். அந்த அபிப்பிராயத்தை நாம் ஒப்புவதற்கில்லை. அதை ஒரு காலத்தில் சர்க்காரே கொண்டிருந்தது. விளைந்தது என்ன என்பதைச் சற்றே ஆராய்வோம்.

திருமுதுகுன்றம் என்ற பழம் பெயருடைய நம் விருத்தாசலத்தில் சுந்தரர் 12,000 பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்பது புராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடும் கதையை இவ்வூரார்க்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. அதே கதை பாட்டுக்கும் நேர்ந்தது. 1952-ல் மத்திய ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர், சாஸ்திரீய சங்கீதமே ஜனங்களுக்கு நன்மை தரும் என்று கருதியவர். அவர் காலத்தில் அகில இந்திய ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டுக்கள் ஏறக்குறைய மறைந்தே போயின. ஜனங்கள் சாஸ்திரீய சங்கீதத்துக்கா திரும்பினர்? ரேடியோவின் முள்ளை இலங்கைக்குத் திருப்பினர்! டில்லி ஆற்றில் போட்டது கொழும்புக் குளத்தில் கிடைத்தது. 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கிச் சர்க்கார் தன் போக்கை மாற்றிக்கொண்டது. ஆயினும் இலங்கை வானொலியின்பால் சென்ற தமிழர் செவி பல்லாண்டுகள் வரை முற்றிலும் திரும்பவில்லை.

மயில்வாகனனார் குரலை நம் தந்தையர் கேட்டனர், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகியோர் குரல்களை நாம் கேட்டோம். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் அச்சில் களிக்கூழை வார்ப்பதும், காய்ந்த பொம்மையைச் சீவுவதும், சூளைக்குக் காவலிருப்பதும் கைக்கும் கண்ணுக்கும் ஓயாத வேலை. செவி மாத்திரம் சும்மா இருந்தது. அதற்கு ரேடியோ துணை. 'பொங்கும் பூம்புனல்' காலையில் ஒலித்தால் முதலாளியும் கூலியாளும் ஒரே பாட்டையே கேட்டாக வேண்டும். அடுத்து வருவது யாதென்று இருவருக்கும் தெரியாது. பிடிக்காத பாட்டையும் பொறுத்திருந்து கேட்ட அந்தப் பழக்கத்தை ஜனநாயகத்துக்குரிய பயிற்சி என்றே சொல்லத் துணிகிறோம்.

நம் காலத்துப் பாட்டே சிறந்தது என்று வழக்காட நாம் வரவில்லை. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது முகஞ்சுளித்த பெரியோர் உண்டு. 1992-ல் 'ரோஜா' வந்தபோது முகஞ்சுளித்தவர்களோ 'அன்னக்கிளி'யை மெச்சியவர்கள்! அந்தப் பாட்டுக்களில் பெரும்பாலானவை இன்று கைப்பேசியில் கேட்ட நொடியில் கிடைக்கின்றன. கிடைத்தும் ஏக்கம் தீராததேன்? பாட்டின் முன்னும் பின்னும் வந்த குரல் கிடைக்கவில்லை. அயல் நாட்டு நிலையத்தில் உட்கார்ந்து, தமிழ்நாட்டு நேயர்களின் பெயரையும் ஊரையும் திருத்தமான தமிழில் வாசித்த குரல் அது. தன் ஊர்ப் பெயரைக் கடல் கடந்து கேட்பதில் சிறு பிள்ளைக்கு உண்டாகும் பெருமிதம் கொஞ்சமன்று.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. நமக்குப் பாட்டு வழங்கியவர்கள் அந்த நகரில் வாழ்பவர்கள் என்பது அப்போதுதான் நம்மவரில் பலருக்கு உறைத்தது. கே. எஸ். ராஜா 1994-ல் கொழும்பிலேயே கொலையுண்டார். அவர் குரலைக் கேட்டு வளர்ந்த நாம், அம்மரணத்தைப் பற்றிப் பேசியது எவ்வளவு?

பாட்டுக்களைக் காப்பாற்ற அவற்றின் சொந்தக்காரர்களான கம்பெனிகள் இருக்கின்றன. லாபம் உள்ளவரை காப்பாற்றும். ரேடியோவில் ஒரு நாள் ஒலித்துக் காற்றோடு போன அறிவிப்புக்கு அத்தகைய சொந்தக்காரர் இல்லை. எனினும் அக்காலத்தில் டேப் ரிக்கார்டரை ரேடியோவின் பக்கத்தில் வைத்துப் பாட்டுப் பதிந்தவர்கள் நம் ஊரிலும் உண்டு. பாட்டுக்கு ஆசைப்பட்டுப் பதிந்த நாடாவில் அறிவிப்பாளர் குரலும், வெந்நீர்ப் பானை விழுந்த சத்தமும், தாயார் அழைத்த குரலும் சேர்ந்தே பதிந்துள்ளன. பரண்மீது கிடக்கும் அந்நாடாக்கள் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டு வருகின்றன. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அவற்றைக் குப்பையோடு மணிமுத்தாற்றங்கரைக்கு அனுப்பிவிட வேண்டாமென்று நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகளைக் கொண்டு அவற்றைக் கணினியில் ஏற்றிவைக்கலாம். உறையின்மேல் தேதியோ நிகழ்ச்சியின் பெயரோ எழுதியிருந்தால், அதையும் மறவாமல் படமெடுத்து உடன் வைத்தல் நலம்.